பேனாவைக் கீழே வையுங்கள்

ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) டிப்ளமோ படிக்கும் மாணவர், தானே தேர்ந்த தலைப்பில் 4,000 சொற்களுக்கு மிகாமல் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் அவருக்கு ஒதுக்குவது மொத்தமே 3 முதல் 5 மணி நேரம். முழு வரைவை ஒரே முறை படித்துக் கருத்துச் சொல்லலாம். திருத்தி எழுதித் தரக் கூடாது. மிக நல்ல விதி. தலைப்பு பரந்து கிடந்தால், "எந்த ஊர், எந்தக் காலம்?" என்று கேட்டாலே போதும், மாணவரே சுருக்கிக்கொள்வார். விடை தெரிந்தவர் பேசாமல் இருப்பது கடினம்தான்; இருந்தாலும் பொறுத்திருக்க வேண்டும். ஆனால், பிறர் எழுதியதை மூலம் சொல்லாமல் மாணவர் எடுத்தாண்டால் மட்டும் மௌனம் கூடாது; உடனே சொல்லிவிட வேண்டும். செயல்திட்டங்களை வழிநடத்தும் ஆசிரியர்களே, மாணவரின் தாளில் கை வைக்கும் முன், ஏன் இப்படி எழுதினார் என்று அவரிடமே கேளுங்கள்.