இறக்கிய சுமை எங்கே?

மலையேறும் இளைஞரிடையே இக்காலத்தில் ஒரு புதிய கலை வளர்ந்து வருகிறது. சுமையைக் குறைத்து, விரைந்து நடக்கும் கலை அது. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக முதுகுப்பையின் எடை ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பது இக்கலையினர் வகுத்துக்கொண்ட அளவு. ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். பல் துலக்கும் தூரிகையின் காம்பைக்கூட நறுக்கி எறிகிறவர்கள் உண்டு. பை இலேசானால் கால் விரையும். இரண்டு நாள் வழியை ஒரே நாளில் கடக்கலாம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கும் மலையேற்றம் அந்நியமன்று. பூண்டியை அடுத்த குடியம் குகைகளுக்குச் செல்லும் வழி, 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத்திற்கெனத் திறந்த 40 வழிகளுள் ஒன்று. ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லைக்குள் உள்ள நாகலாபுரம் மலைகளுக்கும் சென்னை இளைஞர் பலர் சென்று வருகின்றனர்.

இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டியைச் சொல்வார்கள். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர், 1955-இல் தம் 67-ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைவழியில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரைத் தனியே நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை, சாதாரணத் துணிக்காலணி, மழைக்கு ஒரு நெகிழித் திரை ஆகியவற்றோடு அவர் அத்தனை தொலைவும் சென்றார். இன்றைய சந்தையிலோ எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. எளிமையும் காசு கொடுத்து வாங்கும் பண்டமாகிவிட்டது. ஆகவே ஒரு வினா எழுகிறது: இலேசாக இருப்பது தன்னளவிலேயே ஒரு நற்பண்பா?

பையும் பணமும் உணவும் இன்றிச் செல்லுமாறு ஆண்டவர் தம் சீடரைப் பணித்தார் என்பதை நாம் அறிவோம். ஆயின் அதே லூக்கா நற்செய்தியில், இறுதி இராவுணவு வேளையில், பை உடையோர் அதை எடுத்துச் செல்லுமாறு அவரே பணிக்கிறார். எனவே பையைச் சுமப்பதோ விடுவதோ நிலையான சட்டமன்று. மேற்கொள்ளும் பணி எதுவோ, அதுவே பையின் அளவை வகுக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வருவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இங்கு வந்திறங்கும் தொழிலாளியின் தோளிலும் பெரும்பாலும் ஒரே பைதான். 2020 ஊரடங்கில் வேலையும் கூலியும் நின்றபோது, இத்தகைய தொழிலாளர் பலர் அந்த ஒற்றைப் பையுடன் வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் நடந்தனர். அவர்களும் இலேசாகவே நடந்தனர். இயன்றவரை விரைந்தே நடந்தனர். தராசு இரு பைகளுக்கும் ஒரே எடையைக் காட்டக்கூடும். ஆனால் மலையேறுபவர் மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். இவரோ மிச்சத்தையெல்லாம் வீட்டிற்கு அனுப்பிவிட்டு நிற்பவர். தூய தோமா அக்குவினார் வழிவந்த அறவியல், ஒரு செயலை எடைபோடச் செயலை மட்டுமன்றி, அதன் நோக்கத்தையும் சூழ்நிலையையும் நோக்கச் சொல்கிறது. விரும்பி ஏற்ற எளிமைக்கும் வறுமை திணித்த வெறுமைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் புலப்படும்.

இவ்விரண்டுக்கும் அப்பால், நாம் அஞ்ச வேண்டிய இலேசு ஒன்று உண்டு. பை கனக்கிறதென்று தண்ணீரைக் குறைத்து வந்தவர், பாதி வழியில் நண்பரின் குப்பிக்குக் கை நீட்டுகிறார். அவர் இறக்கிய சுமை மறைந்துவிடவில்லை. நண்பரின் தோளுக்கு மாறியிருக்கிறது. வீட்டில் கணவர் ஓய்ந்திருக்கத் தண்ணீர்க் குடமும் அடுப்பும் மனைவிக்கே உரியவை ஆகின்றன. ஆலையின் செலவுக் கணக்கு இலேசாவதற்காக ஒப்பந்தத் தொழிலாளியின் வேலைநேரம் நீள்வதும் உண்டு. பாரம் குறைந்தது என்று நாம் மகிழும்போது, அது எவர்மீது ஏறியது என்று பார்க்கத் தவறுகிறோம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இங்கு நமக்கு உதவுகிறது. தம் சுமை இலேசானது என்று ஆண்டவர் கூறும் இடத்தில் மத்தேயு ஆளும் சொல் 'ஃபோர்தியோன்'. பரிசேயர் மக்களின் தோள்மேல் ஏற்றிய பளுவுக்கும் அதே நற்செய்தியில் இதே சொல்தான். கலாத்தியருக்கு எழுதும் பவுலடியார், அவரவர் தம் ஃபோர்தியோனைத் தாமே சுமக்க வேண்டும் என்கிறார். அதற்குச் சற்று முன்னரோ, பிறருடைய 'பாரோஸ்', அதாவது நசுக்கும் பாரம், நாம் ஒருவருக்கொருவர் சேர்ந்து தாங்க வேண்டியது என்கிறார். இரண்டையும் இணைத்துப் படித்தால் பொருள் தெளிவாகிறது: என் மூட்டை என்னுடையது, அதைப் பிறர்மேல் ஏற்றலாகாது. அதை நான் சிறிதாக்கிக் கொள்வது, நசுங்குகிறவருக்குக் கைகொடுக்க என் தோளில் இடம் வேண்டும் என்பதற்காக.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய பியர் ஜார்ஜோ பிரசாத்தி இவ்வாறே வாழ்ந்தார். இத்தாலிய நாளிதழ் உரிமையாளரின் மகனான அவர், ஆல்ப்ஸ் மலைகளில் தோழரோடு ஏறி மகிழ்ந்தவர். தூரின் நகரின் ஏழைகளுக்கு வின்சென்ட் தே பவுல் சபை வழியே தொண்டு புரிந்தவர். டிராம் கட்டணத்தை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, உணவு வேளைக்குள் வீடு சேர ஓடியே வருவாராம். அவருடைய விரைவிலும் ஈகை இருந்தது. 1925-இல் இளம்பிள்ளைவாதம் கண்டு 24 வயதில் இறக்கும் தறுவாயிலும், செயலிழந்துவந்த கையால் ஒரு சீட்டெழுதி, ஏழை நோயாளி ஒருவருக்குரிய ஊசிமருந்தைச் சேர்ப்பிக்கச் சொன்னார்.

நம் இளைஞர் மலையேறட்டும். உடலுக்கும் உள்ளத்துக்கும் அது நல்லது. பையையும் நிறுத்துப் பார்க்கட்டும். குழுவில் மெல்ல நடப்பவரின் பையிலிருந்து ஒரு பொருளை வாங்கித் தம் பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் இடம் இருக்கட்டும். மலைக்குச் செல்லாத நமக்கும் வழி அருகிலேயே உண்டு. நம் பங்கின் எல்லைக்குள், தகரக் கொட்டகையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு மருத்துவமனையின் வழி தெரியாது. நம் மொழியும் தெரியாது. அவரோடு ஒரு முற்பகல் சென்று வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். அதற்கு நேரமில்லை என்போமாயின், நாம் இன்னும் இறக்கி வைக்காத சுமை எது என்று பார்ப்போம்.