முதியோரைக் கழுவும் கைகள்



திவ்விய சேசுநாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது, அர்ச். இராயப்பர் கூசி மறுத்தார் என்று அருளப்பர் சுவிசேஷத்திலே வாசிக்கிறோம். கழுவுகிறவருக்குத் தாழ்ச்சி வேண்டும். கழுவப்படுகிறவருக்கோ அதைவிடப் பெரிய கூச்சம் உண்டு. முதியோர் இல்லத்திலே படுக்கையாய்க் கிடக்கும் தாத்தாவும் பாட்டியும் பிறர் கையால் சுத்தம் செய்யப்படும்போது, அவர்கள் மனம் படுகிற பாடு இதுவே.

ஆகையால் இந்தப் பணிக்கு ஒரு முறைமை உண்டு. என்ன செய்யப் போகிறோமென்று முதலில் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தி, கழுவுகிற பாகம் தவிர மற்றதைத் துணியால் மூட வேண்டும். வெந்நீரைத் தன் கையில் விட்டுப் பார்த்த பிறகே மேலே ஊற்ற வேண்டும். வாயையும் நகத்தையும் மறக்கலாகாது. மலஜலத்தில் நனைந்த துணியை உடனே மாற்றி, தோலைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். தானே புரள முடியாதவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்து, முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கைப்புண் அங்கேதான் துவங்கும்.

முதியோரைப் பாரமென்று எண்ணத் துவங்கினால் மனிதன் எதுவரை போவான்? மதுரை, விருதுநகர்ப் பக்கத்துச் சில கிராமங்களில் நடந்த தலைக்கூத்தலைப் பற்றி 2010-ம் வருஷம் பத்திரிகைகள் எழுதின. எண்ணெய் ஸ்நானமென்ற பேரால் முதியவரின் உயிரைப் போக்குவது அது. அதே எண்ணெய், அதே தண்ணீர்! அன்பற்ற கையிலே அது கொலையாகிறது.

அன்புள்ள கையோ வேறு விதம். பிரான்சு தேசத்திலே 1839-ம் வருஷக் குளிர்காலத்தில், ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண், கண் தெரியாத, வாதத்தில் விழுந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே கொடுத்தார். அவர் ஸ்தாபித்த ஏழைகளின் சிறு சகோதரிகள் சபை 1882-ல் கல்கத்தாவுக்கு வந்தது. 2009-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தினார்.

பெற்றோரை இல்லத்தில் விட்டிருக்கும் குடும்பத்தாரே, பணம் கட்டியதோடு கடமை தீர்ந்ததென்று நினையாதிருங்கள். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் போய்ப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமாயிருக்கிறதா, முதுகில் புண் இல்லையா என்று கவனியுங்கள். ஒருதரமாவது உங்கள் கையாலேயே கழுவுங்கள். அங்கே பணிசெய்யும் ஆயாவைக் கூலிக்காரியென்று இளப்பமாய் எண்ணாமல், கைகூப்பி வணங்குங்கள். நமது கர்த்தர் அன்றிரவு செய்த வேலையை அந்த அம்மாள் தினந்தோறும் செய்கிறார்.