சாவியைத் தொடாதே, ஸ்பேனரை எடு!

உன் வீட்டு வாசலில் அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி நிற்கிறது. கவர் மேல் வேப்பஞ்சருகு. நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு கிடக்கின்றன.

தினமும் அதைத் தாண்டித்தானே போகிறாய்? "அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்" என்று இன்னும் எத்தனை ஞாயிறு சொல்வாய்?

"பார்ட்ஸ் கிடைக்காது" என்கிறாய். தேடினாயா? புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளில் ஒரு நடை ஏறி இறங்கினாயா?

"மெக்கானிக்கே கைவிட்டுட்டார்" என்கிறாய். எந்த மெக்கானிக்? பானெட்டைத் திறந்து பார்த்தவரா, திறக்காமலே உதட்டைப் பிதுக்கியவரா?

மும்பையில் இதே பத்மினி 2023 வரை டாக்சியாகச் சவாரி ஏற்றியது. கடைசி வண்டியை ஓரங்கட்டியது 20 ஆண்டு வயது வரம்பு!

உன் வண்டி ஓடித் தேய்ந்ததா? இல்லை. நின்று நின்று கெட்டது!

1,089 சிசி இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பெட்ரோல், காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு பொறி. இந்த நாலுக்கா இவ்வளவு பயம்?

எழுந்திரு! ஆனால் சாவியைத் தொடாதே.

புது பேட்டரி மாட்டியதும் செல்ஃப் அடிப்பது வீரமில்லை, அவசரம். உள்ளே சிலிண்டர் காய்ந்து கிடக்கும். துருவோடு உரசினால் ரிங் போகும், சிலிண்டர் கீறும்.

நான்கு பிளக்கையும் கழற்று. ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பு.

அசையவில்லையா? அதற்குள் கையை உதறிவிட்டாயா?

மறுபடி ஆயில் விடு. மறுபடி ஊற வை. முரட்டுத்தனம் வேண்டாம், முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்று. அது முடிவல்ல, அடுத்த வேலை!

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார். வார்னிஷ் வாடை அடிக்கிறதா? பழைய பெட்ரோல் கெட்டுவிட்டது. ஒரு சொட்டு விடாமல் வடி. டேங்கைக் கழுவு.

கார்புரேட்டரைப் பிரி. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. ஊசிமுனைத் துளை, அதை அடைத்துக்கொண்டு மஞ்சள் பிசின். கம்பி விட்டுக் குத்தாதே, துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடி, காற்றால் ஊது, மறுபடி பார். வெளிச்சம் தெரியும் வரை விடாதே!

டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை நைஸ் எமரித் தாளால் தேய். எலி கடித்த ஒயரை மாற்று. இன்ஜின் ஆயிலையும் மாற்று.

கை கறுக்கட்டும்! முழங்கை சிராய்க்கட்டும்! அதற்குப் பயந்தா இத்தனை வருஷம் ஒளிந்தாய்?

பிளக்குகளைத் திரும்ப மாட்டு. டேங்கில் புது பெட்ரோல் ஊற்று. இப்போது அடி செல்ஃபை!

முதலில் இருமும். உடனே அணையும். பக்கத்து வீட்டு மாடியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அவர்களா உன் வண்டியை ஓட்டப் போகிறார்கள்?

பொறி வருகிறதா, பார். பெட்ரோல் ஏறுகிறதா, பார். பம்பில் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா, பார். அணைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அழுதால் அது அகப்படாது, தேடினால் அகப்படும்!

ஓடத் தொடங்கியதும் தெருவுக்குப் பாயாதே. நிற்கத் தெரியாத கார் எமன்! பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். பிரி, துடை, தேவையானதை மாற்று. வெடித்த டயரைத் தூக்கிப் போடு.

பதிவு 15 ஆண்டோடு காலாவதியாகியிருக்கும். ஆர்.டி.ஓ. சோதனையில் தேறினால் இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இன்ஷூரன்ஸும் போடு. அதற்குப் பிறகு ரோட்டில் இறங்கு, தலை நிமிர்ந்து!

பணம் இல்லையா? இந்த மாதம் கார்புரேட்டர், அடுத்த மாதம் பிரேக். நேரம் இல்லையா? ஒரு பிளக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

காயலான் கடைக்காரர் எடை போட்டு விலை சொல்லக் காத்திருக்கிறார். அவருக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய்?

பிளக் ஸ்பேனர் எங்கே? தேடி எடு. இன்றைக்கே முதல் பிளக்கைக் கழற்று!