ஹைபிரிட் காரில் லாபம் யாருக்கு?

ஷோரூமில் ஹைபிரிட் காரைப் பார்க்க வருபவர்கள் கேட்பது, "கூடப் போட்ட காசு எப்போது திரும்பும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் யாருக்குத் திரும்பும் என்பதையும் கேட்டால்தான் கணக்கு முழுமையாகும்.

முதலில் காசுக் கணக்கு. சாதாரணப் பெட்ரோல் காரைவிட ஹைபிரிட் இரண்டரை லட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் முன்னது லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் பின்னது 20 கிலோமீட்டரும் தந்தால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 333 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால், போட்டது திரும்ப ஏழரை ஆண்டு ஆகும். 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றே ஆண்டு.

நெரிசல்தான் இந்த வண்டியின் களம். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரியில் சேர்கிறது. வண்டி மறுபடி நகரும்போது அதுவே சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் பிரபலமாக்கிய நுட்பம் இது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு மிச்சம் குறைவு.

அடுத்தது அறக் கணக்கு. 333 லிட்டர் பெட்ரோல் எரியாவிட்டால் ஏறத்தாழ 770 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்காது. அந்த லாபம் வாங்கியவரின் பாஸ்புக்கில் ஏறாது. இன்னும் பிறக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் அது. வருங்காலத்தில் வருகிறது என்பதற்காகவே ஒரு நலனைக் குறைத்து மதிப்பிடுவது அறமாகாது என்று 1928இல் வாதிட்டார் கேம்பிரிட்ஜ் சிந்தனையாளர் ஃபிராங்க் ராம்சே. சொந்தப் பணத்துக்கு வட்டி கழித்துப் பார்க்கலாம், தவறில்லை. பேரப்பிள்ளைகள் தாங்கப்போகும் வெயிலுக்கும் அதே வட்டியைக் கழிக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. நீராவி இன்ஜின்களின் திறன் கூடக்கூட பிரிட்டனின் நிலக்கரிச் செலவும் கூடியதை 1865இலேயே சுட்டிக்காட்டினார் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ். மைலேஜ் கிடைக்கிறதே என்று கூடுதலாகச் சுற்றினால் இரண்டு கணக்குமே கெடும்.

ஆகவே, பிழைப்புக்காக நகருக்குள் நாள் முழுக்க ஓட்டவேண்டியவர் வசதி இருந்தால் ஹைபிரிட் வாங்குவதே சரி. காசு திரும்பச் சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு அது தேவையில்லை. இருக்கும் காரை நன்றாகப் பராமரித்து, மற்ற நாட்களில் பஸ்ஸில் போவதே அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. ஷோரூமுக்குப் புறப்படும் முன் பழைய சர்வீஸ் பில்களை எடுத்து, கடந்த ஓராண்டில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள்.