சீட்டாட்டமும் வாய்மையும்: எண்ணத்தை எடுத்துரைத்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு செயலைச் செய்வது வேறு. அச்செயலை ஏன் செய்ததெனப் பிறர்க்கு எடுத்துரைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி எத்துணை அகலமானது, அதனைக் கடக்க முற்படுபவர் எத்தகைய கடப்பாட்டுக்கு உட்படுகின்றார் என்பன மெய்யியலாளரை நெடுங்காலம் ஈர்த்துவந்த வினாக்களாகும். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் வகுப்பறையிலும் இவை எழுதல் இயல்பே. ஆயின், அறநூலார் விலக்கி வைத்த சூதாட்ட மேசையிலும் இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக எழுகின்றன என்பது மனங்கொளத்தக்கது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் தேர்ந்தோர், ஆடும்போது தம்முள்ளத்தில் ஓடும் எண்ணங்களைக் குரலாகப் பதிவுசெய்து கற்போருக்கு வழங்கும் காணொளிகளே ஈண்டு ஆராயப்படுவன.

போக்கரின் பெருவழக்கான வடிவம் டெக்சஸ் ஹோல்டெம் எனப்படும். ஒவ்வோர் ஆட்டக்காரரும் இரு சீட்டுக்களை மறைவாகப் பெறுவர். மேசை நடுவில் ஐந்து சீட்டுக்கள் எல்லார்க்கும் பொதுவாகப் படிப்படியே திறக்கப்படும். இவ்வேழினுள் சிறந்த ஐந்தைச் சேர்க்க வல்லவர் வெல்வர். எனினும், சீட்டைக் காட்டாமலே வெல்லுதலும் கூடும். பந்தயத்தை உயர்த்தி ஏனையோரை விலகச் செய்தாற் போதும். வலுவற்ற சீட்டுடையவர் வலுவுடையவர்போற் பந்தயங் கட்டும் உபாயம் பிளஃப் எனப்படும். இது வெறும் துணிச்சலன்று. ஜோன் வொன் நியுமனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேனும் 1944 இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில், பிளஃப் சரியான ஆட்டத்தின் இன்றியமையாத கூறு என்பதைக் கணிதமுறையில் நிறுவினர். ஒருபோதும் ஏமாற்றாதவரின் பந்தயத்தை எதிராளிகள் நம்பி விலகிவிடுவர். அவரது நல்ல சீட்டும் பயனின்றிப் போகும். மறைத்தலே இவ்வாட்டத்தின் உயிர்.

இத்தகைய ஆட்டத்தின் உள்ளத்தை வெளிப்படையாகக் கூறுதல் முரணாகத் தோன்றலாம். 1976, 1977 ஆம் ஆண்டுகளில் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியை வென்ற டொயில் பிரன்சன், தமது ஆட்டமுறையை விளக்கிப் பின்னர் ஒரு நூலை வெளியிட்டார். எதிராளிகள் தம்மை அறிந்துகொள்ள அந்நூலே வழிசெய்தது எனப் பின்னாளில் அவர் வருந்தியதுமுண்டு. 2003 இல், இணையவழிப் போட்டியொன்றின் மூலம் நுழைவுரிமை பெற்ற கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் கலந்துகொண்ட அதே தலைமைப் போட்டியை வென்று 25 இலட்சம் டொலரைப் பரிசாகப் பெற்றார். மூன்றாண்டுகளின் பின் 2006 இல் அப்போட்டிக்கு வந்தோர் 8773 பேர். இவ்வெழுச்சியின் நடுவே, 2005 ஆம் ஆண்டளவில், பயிற்றுக் காணொளிகள் சந்தாமுறையில் விற்கப்படலாயின. ஆட்டக்காரரின் கணினித் திரை அப்படியே பதிவாகும். அதன்மேல் அவரது குரல் ஒலிக்கும். தொலைக்காட்சிக் கமரா மறைவான சீட்டைக் காட்டவல்லது. எண்ணத்தைக் காட்டுதற்கு ஆட்டக்காரரின் நாவே வேண்டும்.

இக்காணொளிகள் கற்பிக்கும் முதற் பாடம், செயலை அதன் விளைவு கொண்டு மதிப்பிடலாகாது என்பதாகும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பொதுச் சீட்டுக்கள் நான்கு திறக்கப்பட்டுவிட்டன; இன்னும் ஒன்றே எஞ்சியுள்ளது. ஒருவரிடம், தம் இரண்டும் மேசையில் இரண்டுமாக, ஒரே குறியுடைய சீட்டுக்கள் நான்கு உள்ளன. அக்குறியில் இன்னொன்று வந்தால் அவர் வெல்வர். வராவிடின் தோற்பர் என்று கொள்க. அவர் காணாத சீட்டுக்கள் 46. அவற்றுள் அவருக்கு உதவுவன 9. ஆகவே வெற்றிக்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபதிலும் சற்றுக் குறைவு. நடுவில் 100 டொலர் இருக்க, எதிராளி 50 டொலர் கட்டுகின்றார். தொடர்ந்து ஆடுவதற்கு 50 கொடுக்கவேண்டும். கிடைக்கக்கூடிய மொத்தம் 200. நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பேனும் இருந்தாலன்றி, பின்னர் மேலதிகமாகப் பெறுவதற்கு வழியில்லாதவிடத்து, அக்கொடுப்பனவு நட்டமே. எனினும் அவர் கொடுக்கின்றார், வேண்டிய சீட்டும் வருகின்றது, பணமும் சேர்கின்றது. அவர் வென்றார், ஆயினும் தவறிழைத்தார். அதேயிடத்தில் எதிராளி 20 டொலர் மாத்திரம் கட்டியிருப்பின் தொடர்ந்து ஆடுதலே சரி. அப்போது ஐந்தில் நான்கு தடவை அவர் தோற்பர். தோற்றும் சரியாகவே செய்தவராவர்.

இப்பாடம் சீட்டாட்டத்துக்கு அப்பாலும் செல்லும் தகைமையுடையது. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலாளர் எழுப்பிய ‘ஒழுக்க அதிட்டம்’ பற்றிய பிரச்சினை இதனோடு நெருங்கியது. கவனமின்றி வாகனம் ஓட்டும் இருவருள் ஒருவர்முன் குழந்தையொன்று குறுக்கிட்டது. மற்றவர்முன் எதுவும் குறுக்கிடவில்லை. இருவர் குற்றமும் ஒன்றே; உலகம் ஒருவரையே பழிக்கின்றது. உலகம் விளைவை நோக்குவதற்கு நியாயமும் உண்டு: இறந்த குழந்தை மீள்வதில்லை. போக்கரில் இழந்த பணமோ அடுத்த ஆட்டத்தில் மீளக்கூடும். ஒரே வகையான முடிவு ஆயிரம் தடவை வருவதனாலேயே, விளைவை நீக்கிக் காரணத்தை மட்டும் எடைபோட அங்கு இயலுகின்றது.

ஆனால் காரணமே அளவுகோலாகுமிடத்து, கூறப்படும் காரணம் மெய்க்காரணந்தானா என்னும் வினா தவிர்க்கவியலாதது. கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட தம் நூலில், ‘ஒன்று இன்னதென அறிதல்’, ‘ஒன்றைச் செய்யும் வகை அறிதல்’ என இருவகை அறிவை வேறுபடுத்தினார். திறமையான செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னர் உள்ளத்தில் ஒரு விதியுரை ஓதப்படுகின்றது என்பதை அவர் மறுத்தார். ஒல்லாந்த உளவியலாளர் அட்ரியான் டி குரூட், சதுரங்க வல்லுநரை வாய்விட்டுச் சிந்திக்கச் செய்து, அதனை 1946 இல் ஆய்வாக வெளியிட்டார். வல்லுநர் ஏனையோரிலும் மிக ஆழமாகக் கணித்தனர் என்பதற்குச் சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணுக்கு முதலிலேயே புலப்பட்டது. போக்கர் வல்லுநரின் நிலையும் இதனின் வேறன்று. சில நொடிகளில் அவர் ‘காண்கின்றார்’. கண்டதற்குரிய சொற்களைப் பின்னரே தேடுகின்றார்.

தேடிக் கிடைத்த சொற்கள் மெய்யாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. றிச்சட் நிஸ்பெற், திமதி வில்சன் ஆகியோர் 1977 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையை விபரித்தனர். வரிசையாக வைக்கப்பட்ட நான்கு சோடி நைலோன் காலுறைகளுள் சிறந்ததைத் தெரியும்படி மக்கள் கேட்கப்பட்டனர். நான்கும் ஒரே வகையின. எனினும் ஏனையவற்றிலும் வலக்கோடியில் இருந்ததையே மிகுதியானோர் தெரிந்தனர். காரணம் வினவியபோது, அது இருந்த இடத்தை எவருங் குறிப்பிடவில்லை. அவர்கள் பொய் கூறினரல்லர். தாம் அறியாத காரணத்துக்கு ஈடாக, பொருத்தமானதொன்றை நேர்மையாகவே நம்பினர். பயிற்றுநரை எதிர்நோக்கும் இடர் இதுவே. தன்னை அறியாதே ஏமாற்றுபவர் பிறரையும் ஏமாற்றுவர். அவ்வேமாற்றுக்குக் கற்போர் காசும் கொடுப்பர்.

இக்காணொளிகளை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, ஆடி முடிந்த ஆட்டங்களை மீளத் திறந்து விளக்குவது. மற்றது, ஆடிக்கொண்டிருக்கும்போதே பேசுவது. முன்னது தெளிவானது, ஒழுங்கானது. ஆயின் அங்கு பயிற்றுநர் முடிவை முன்னரே அறிவர். எதிராளியிடம் வலுவற்ற சீட்டே இருந்தது என்று அறிந்தபின், அவர் தயங்கியதைத் தாம் அன்றே கவனித்ததாக நினைவுகூர்தல் மிக எளிது. எந்த ஆட்டத்தை எடுப்பது, எதனை விடுப்பது என்பதும் அவர் கையிலேயே உள்ளது. பின்னது குழப்பமானது, வாக்கியங்கள் முறியும், கணக்குத் தவறும், சில இடங்களிற் பேச்சே எழாது. எனினும் அதற்கு ஒரு பெருஞ் சிறப்புண்டு. அடுத்த சீட்டுத் திறக்கப்படுமுன் காரணம் கூறப்பட்டுவிடுகின்றது. கூறியதை மீளப் பெறவியலாது. வருவது அறியாமல் சொல்லப்பட்ட காரணம், தவறாக இருப்பினும், சாட்சியத்தின் மதிப்பை உடையது. வந்தபின் சொல்லப்பட்டது, சரியாக இருப்பினும், வழக்குரையின் மதிப்பையே உடையது.

இவ்விடத்தில் போக்கரின் முரண் முழுமையாக வெளிப்படுகின்றது. அல்பேட் கார் 1968 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், வணிகத்தைப் போக்கருக்கு ஒப்பிட்டு, விதி அறிந்து அமர்ந்தோர்க்கிடையே பிளஃப் பொய்யாகாது என வாதித்தார். வணிகத்துக்கு அவ்வொப்புமை பொருந்துமா என்பது பெரிதும் ஐயத்துக்குரியது. வணிகத்தால் பாதிக்கப்படுவோர் அனைவரும் அம்மேசையில் இசைந்து அமர்ந்தவரல்லர். ஆயின் போக்கருக்கு அது பொருந்தும். மேசையில் அமர்ந்த ஒவ்வொருவரும் ஏமாற்றப்படுவதற்கு இசைந்தே அமர்கின்றனர். காணொளியைப் பார்ப்பவரோ அவ்வாறு இசைந்தவரல்லர். அவர் எதிராளியல்லர், மாணவர். அதே மனிதர், அதே சீட்டு, அதே நொடி. எனினும் எதிராளியை நோக்கிச் செல்லும் பந்தயம் மறைக்கலாம், கற்போரை நோக்கிச் செல்லும் சொல் மறைக்கலாகாது. ஒரே செயலில் இரு கடமைகள் இவ்வாறு அருகருகே நிற்கும் நிலை வேறு கலைகளில் அரிது.

இக்கடமை விலையின்றிக் கிடைப்பதன்று. காணொளியை எதிராளியும் பார்ப்பர். பிரன்சனின் வருத்தம் இன்றைய பயிற்றுநருக்கும் உரியது. எனவே எல்லாவற்றையும் சொல்லவேண்டுமா என்னும் வினா எழும். சொல்லாது விடுதலையும் பொய் கூறுதலையும் இவ்விடத்தில் வேறுபடுத்தல் வேண்டும். ‘இதற்கு மேல் விளக்குவதற்கில்லை’ எனப் பயிற்றுநர் நிறுத்திக்கொண்டால், கற்போர் தமக்கு எது கிட்டவில்லை என்பதை அறிவர். மெய்க்காரணத்தை ஒளித்து வேறொன்றைச் சொன்னாலோ, கிட்டாததைக் கிட்டியதாக எண்ணி அதன்மேல் தம் பணத்தை வைப்பர். முன்னது உரிமை; பின்னது களவு.

சூதையே கற்பிப்பவரிடம் வாய்மையை எதிர்பார்ப்பது பொருந்துமா என வினவுவோரும் உளர். திருவள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அக்கண்டனத்தின் வலிமை இன்றும் குன்றவில்லை. ஓர் ஆட்டக்காரர் பெறுவது இன்னோர் ஆட்டக்காரர் இழந்தது. சூதுமனையும் இணையத்தளமும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்வதால், மேசையில் அமர்ந்தோர் மொத்தத்தில் இழப்பவரே. எல்லோரும் கற்றுத் தேர்ந்தால் எல்லோரும் வெல்வர் என்பது ஒருபோதும் நிகழாதது. இவ்வுண்மையை மறைத்து விற்கப்படும் பாடம், எத்துணை நுட்பமாயினும், அடிப்படையில் பொய்யே. ஆயின் மகாபாரதத்தின் நளன் கதையில் வேறொரு குறிப்பும் உண்டு. சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையையும் சூதின் மறைபொருளையும் கற்றபின்னரே கலி அவனை விட்டு நீங்குகின்றான். அறியாமையில் ஆடுபவனையே கலி பற்றுகின்றது. வாய்ப்பின் கணக்கை உள்ளவாறு அறிந்தவர் ஆடாமல் எழுந்துவிடுதலுங் கூடும். நேர்மையான பாடம் அக்கதவையும் திறந்தே வைக்கும்.

அண்மைக்காலத்தில் இப்பிரச்சினை புதிய வடிவம் பெற்றுள்ளது. 2019 இல் புளூரிபஸ் என்னும் கணினி நிரல், அறுவர் ஆடும் ஹோல்டெமில் தலைசிறந்த வல்லுநரை வென்றது. எந்நிலையில் எத்தனை விழுக்காடு பிளஃப் செய்தல் தகும் எனக் கணித்துக் கூறும் நிரல்களும் இன்று பயிற்றுநர் கையில் உள்ளன. நிரல் விடையைத் தரும். ஏன் என்று சொல்லாது. அவ்விடையை மனனஞ்செய்து, தம் சிந்தனையின் விளைவுபோல உரைப்பவர், பிறர் காரணத்தைத் தமதாகக் காட்டுகின்றார். வாய்ப்பாட்டை ஒப்புவித்தலும் கணக்கைச் செய்தலும் ஒன்றல்ல.

கற்பிப்போர் எல்லார்க்கும் இதிற் பெறத்தக்கது ஒன்றுண்டு. விடை தெரிந்த கணக்கைக் கரும்பலகையில் பிழையின்றிச் செய்துகாட்டும் ஆசிரியர் விடையைக் கற்பிக்கின்றார். விடை தெரியாத கணக்கை மாணவர் முன்னிலையில் தொடங்கித் தடுமாறி, தடுமாறியதையும் அழிக்காது விடுபவரோ சிந்தனையைக் கற்பிக்கின்றார். போக்கர்க் காணொளியின் மதிப்பும் அதன் வெற்றிகளில் இல்லை. தோற்ற ஆட்டம் வெட்டப்படாமல் இருக்கின்றதா, தவறான காரணத்தால் வந்த வெற்றி தவறெனச் சொல்லப்படுகின்றதா, காரணம் தெரியாதவிடத்து ‘தெரியவில்லை’ என்னும் சொல் வருகின்றதா என்பவற்றிலேயே உள்ளது. பொய்யை விதியாகக் கொண்ட ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் அச்சொல்லைக் கூறும்போது, எவரும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை; எவராலும் அதனைச் சரிபார்க்கவும் இயலாது. வாய்மைக்கு அதனிலும் கடினமான சோதனை வேறில்லை.