பங்கிடத் தகாத பொருள்

செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர் நெடுங்காலம் அது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. ஆகவே, பொருநையின் கிளையாகிய சிற்றாற்றுக் கரையோரத்துப் பழங்குடும்பங்களின் பெட்டிகளில் சங்கு முத்திரை பொறித்த பத்திரங்கள் கிடந்தன. அவற்றோடு, 1888 முதல் அவ்வரசு வெளியிட்ட சங்குத் தபால்தலைகளை ஒட்டிய உறைகளும் இருந்தன. நாம் இன்று தபாலுக்கு வழங்கும் ‘அஞ்சல்’ என்னும் சொல் அந்நாட்டில் ஓர் அரசுத் துறையின் பெயராகவே இருந்தது. 1951இல்தான் அத்துறை இந்தியத் தபாலோடு கலந்தது.

இப்பத்திரங்களைத் தேடி வருவோரிற் பலருக்கு வேண்டியது பத்திரமன்று, அதன் தலைப்பகுதிதான். சங்கும் மதிப்புத் தொகையும் உள்ள மேற்பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, எழுத்துள்ள கீழ்ப்பகுதியைக் கழிவுத் தாளோடு சேர்த்துவிடுவது முத்திரைத்தாள் வாணிகத்தில் பழகிப்போன செயல். இவ்வாறு வெட்டப்பட்ட தலைகள் சேகரிப்போரிடையே இன்றும் விலைபோகின்றன.

கழிவுக்குப் போன பகுதியில் என்ன இருந்தது? விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், அவர்தம் தந்தையர் பெயர். வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நன்செய்க்கு வடக்கு என்று நான்கெல்லை. எந்த மடையில் எத்தனை நாழிகைத் தண்ணீர் என்னும் உரிமை. சாட்சிகளின் கையொப்பம், கைந்நாட்டு. தனக்கு மஹராகக் கிடைத்த நிலத்தைத் தன் பெயரிலேயே விற்ற ஒரு பெண்ணின் பெயரும் இருக்கலாம். அக்காலத்துப் பெண்களின் பெயர் எழுத்தில் காணக் கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே.

‘பொருள் என்னுடையது, முழுதாக விற்றால் ஐம்பது, துண்டாக விற்றால் ஐந்நூறு, தடுக்க நீ யார்?’ என்று உரியவர் வினவலாம். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. மார்க்கச் சட்டம் தனியுடைமையை மதிக்கிறது. ஆயினும் அதே சட்டம், சில பொருள்களைப் பங்கிடுவதில் நின்று நிதானித்திருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் பக்கத்து மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் நூல். அதன் பங்கீட்டுப் பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. பிரித்தால் பெருங்கேடு விளையும் பொருளுக்கு விலைமிக்க மாணிக்கம், உயர்ந்த ஆடை, ஒரு சோடித் தோற்காலுறை ஆகியவை அங்கே எடுத்துக்காட்டுகள். கூட்டாளி ஒருவர் அதனைப் பிரித்துத் தரக் கேட்டால் காழி மற்றவரை வற்புறுத்த மாட்டார். எல்லாரும் ஒருமித்துக் கேட்டாலும் காழி அதனைத் தம் கையால் செய்து தர மாட்டார். உடைந்த வாள் கத்தியாகப் பயன்படுவதுபோல் ஏதேனும் பயன் எஞ்சுமானால், அவர்களே உடைத்துக்கொள்வதைத் தடுக்கவும் மாட்டார். பயன் முழுவதும் அழியுமானால் தடுப்பார்.

இங்கே உரைகல்லாக வைக்கப்பட்டிருப்பது விலை அன்று, பயன். மாணவப் பருவத்தில் இதனை ஓதிக் கடந்துபோகிறோம். ஒரு சோடிக் காலுறைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிரிப்பவரும் உண்டு. ஓர் ஆவணம் மனிதருக்கு அளிக்கும் பயன் யாது என்று கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். சூரா பகராவின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் பணிக்கிறது. அதனை அடுத்த வசனம் சாட்சியத்தை மறைப்பதைக் கண்டிக்கிறது. எழுத்து, சாட்சிக்குத் துணை நிற்பது. ஆவணத்தின் பயன் சாட்சியம் என்றால், அதனை வெட்டிய பின் எஞ்சுவது பாதிச் சாட்சியம் என்று சொல்ல இயலுமா? தேதி ஒரு துண்டிலும் பெயர் மற்றொரு துண்டிலுமாகப் பிரிந்தபின் இரண்டுமே ஊமை. உடைந்த வாளேனும் வெங்காயம் நறுக்க உதவும்.

இது செங்கோட்டையோடு நிற்பதன்று. ஈரானின் ஷா தஹ்மாஸ்புக்காக 16ஆம் நூற்றாண்டில் உருவான ஷாநாமா பிரதியில் 258 ஓவியங்கள் இருந்தன. 1959இல் அதனை வாங்கிய ஆர்தர் ஹௌட்டன் என்னும் அமெரிக்கச் செல்வர் கட்டைப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பின்னர் ஏலத்திலும் ஏடு ஏடாக விற்பனையாயின. எஞ்சிய 118 ஓவியங்கள் 1994இல் ஒரு நவீன ஓவியத்துக்கு மாற்றாக ஈரான் திரும்பின. அந்நூலின் ஒற்றை ஏடு 2011இல் இலண்டனில் 74 லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. 2003இலோ, பேப் ரூத் என்னும் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் அணிந்த சட்டையை ஓர் அமெரிக்க நிறுவனம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, அட்டைகளில் பதித்து விற்றது. ‘உயர்ந்த ஆடை’ என்று சட்டநூல் வைத்த எடுத்துக்காட்டு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுத்துக்கு எழுத்து நடந்தேறியது!

இவர்களைப் பேராசையர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், 1951இல் மறைந்த ஆட்டோ எகி என்னும் ஆசிரியரை அவ்வாறு ஒதுக்க முடியவில்லை. கிளீவ்லாந்து நகரில் கலை கற்பித்த அவர், பழங்கையெழுத்து நூல்களைப் பிரித்து, ஏடுகளைத் தொகுதிகளாக்கிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் விற்றார். திருக்குர்ஆன் பிரதிகளின் ஏடுகளும் அவற்றுள் அடங்கும். ஒரு செல்வர் வீட்டு அலமாரியில் முழுநூல் உறங்குவதைவிட, எளியவர் பலர் ஆளுக்கோர் ஏட்டைக் கண்ணால் கண்டு கையால் தொடுவது மேல் என்பது அவர் வாதம். பங்கிட்டு உண்பதைப் போற்றும் நமக்கு இவ்வாதம் நெஞ்சைத் தொடத்தான் செய்கிறது.

இதற்கு விடை நம் வக்ஃபு முறையிலேயே இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தர்மம் செய்யும் வழியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவில்லை, துண்டாடப்படவுமில்லை. அதன் பயனோ ஏழைகளையும் வழிப்போக்கரையும் சென்றடைந்தது. நம் பள்ளிவாசல்களில் முப்பது ஜுஸ்வுகள் தனித்தனியே கட்டப்பட்டு ஒரே பெட்டியில் இருப்பதைக் காண்கிறோம். மையித்து வீட்டில் அவை முப்பது பேர் கைக்குப் போகின்றன. ஓதி முடித்ததும் பெட்டிக்குத் திரும்புகின்றன. பதினேழாம் ஜுஸ்வை யாரேனும் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப்போனால் மோதினார் என்ன சொல்வார்? எகி விரும்பிய பகிர்வை அந்தப் பெட்டி நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. இன்று கைப்பேசியிலேயே படம் எடுத்து ஆயிரம் பேருக்குக் காட்டலாம் என்ற நிலையில், கத்தரிக்கோலுக்கு இருந்த சாக்கும் போய்விட்டது.

நம் வீடுகளிலும் இக்குறை இல்லாமலில்லை. ஆலிமாயிருந்த பாட்டனார் மறைந்தபின் அவர் கிதாபுகளை மக்கள் பங்கிடும்போது, முதல் பாகம் மூத்தவருக்கு, இரண்டாம் பாகம் இளையவருக்கு என்று போவதுண்டு. அது அறியாமை. அறிந்தே செய்வது வேறொன்று உண்டு. பழைய கையெழுத்துக் கிதாபின் முதற்பக்கத்தில், இது இன்ன பள்ளிக்கு வக்ஃபு என்னும் குறிப்பு இருக்கக்கூடும். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் ஊரும் இருக்கும். அழகுப் பக்கம் என்று முதலேட்டைப் பிரித்தெடுக்கும்போது, அது யாருடைய பொருள் என்னும் சாட்சியமும் கூடவே போய்விடுகிறது. திருடியவனுக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு கடந்த வரலாற்று, இலக்கியக் கையெழுத்துப் படிகளையும் தொல்பொருளாகவே கொள்கிறது. ஏற்றுமதியையும் வாணிகத்தையும் நெறிப்படுத்துவது அதன் நோக்கம். வீட்டுக்குள் நடக்கும் பங்கீட்டுக்கு உள்ளச்சம்தான் காவல்.

தபால்தலைக்கு வருவோம். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கச் சென்றவர்கள் பலர். அவர்கள் எழுதிய ஏரோகிராம்கள் பல வீட்டுப் பரண்களில் இருந்தன. ஏரோகிராம் என்பது உறையும் கடிதமும் ஒன்றேயான தாள். தபால்தலை அச்சான இடத்தின் பின்புறத்திலும் கடிதம் ஓடக்கூடும். சிறுவன் ஒருவன் ஆல்பத்துக்காக அந்தச் சதுரத்தை வெட்டியெடுத்தால், பின்புறத்தில் தகப்பன் எழுதிய நான்கு வரிகளின் நடுப்பகுதி போகும். எவ்வளவு பணம் அனுப்பினார், எந்தக் கப்பலில் வருகிறார், எந்தக் குழந்தையைக் கேட்டார் என்பவை அந்த ஓட்டையில் விழுந்துவிடும். அரபுத் தமிழில் எழுதப்பட்ட கடிதமானால் இழப்பு இன்னும் பெரிது. அவ்வெழுத்தை ஓதத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர்கூட இல்லாத காலம் இது.

வறுமையால் விற்பவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அடுப்பு எரியாத வீட்டில் சங்கு முத்திரையின் வரலாறு பேசுவது பண்பன்று. அவர் கட்டோடு விற்கட்டும், விற்குமுன் படமெடுத்துக்கொள்ளட்டும். வாங்குபவர் அதனைப் பிரித்து விற்பதாகச் சொன்னால், வேறொருவரைத் தேடட்டும். பிரிக்காத பொருளை வாங்க ஆளில்லை என்பதும் மெய்யன்று. தபால்தலை சேகரிப்போரிலேயே முதிர்ந்தவர்கள் இப்போது உறையினின்று வெட்டியெடுத்த தலையை நாடுவதில்லை. எங்கிருந்து எந்நாளில் எவ்வழியாக வந்தது என்று காட்டும் தபால் முத்திரைகளோடு கூடிய முழு உறைக்கே பெரும்பாலும் கூடுதல் விலை தருகிறார்கள்.