திருத்தப்படும் வரைபடம்

ஓர் அறிஞர் தம் உழைப்பின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்து எழுதிய முடிவு, அவர் காலத்திலேயே புதியதொரு முறையினால் திருத்தப்பட நேர்ந்தால், அவ்வுழைப்பு வீணாயிற்று என்று கொள்வதா, பயன்பட்டது என்று கொள்வதா என்னும் கேள்வி எல்லாத் துறையினருக்கும் உரியது. எனினும் உருமாறிய பாறைகளையும் மலையாக்க வலயங்களையும் ஆராய்வோரின் வாழ்வில் அது மிகக் கூர்மையாக எழுகிறது. ஏனெனில், அவர்கள் விளக்க முயலும் நிகழ்ச்சியைக் கண்ட சாட்சி எவரும் இல்லாமையால், எஞ்சிய கற்களைக் கொண்டே அழிந்துபோன மலைகளை அவர்கள் மீட்டறிய வேண்டியிருக்கிறது.

புவியோட்டின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், முழுதாக உருகிவிடாமல், கனிமங்களும் அமைப்பும் மாறப்பெற்ற பாறையே உருமாறிய பாறை; நிலத்தட்டுகள் மோதி மலைத்தொடர்கள் எழுந்த நீண்ட பட்டையே மலையாக்க வலயம். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய தொல்பாறைகளால் ஆனது. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அதாவது ஏறத்தாழ 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மத்திய மலைநாட்டின் பாறைகள் பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு உள்ளாகிக் கிரானுலைற்று என்னும் உயர்தர உருமாற்றப் பாறைகளாயின. அவை இன்று வெயிலில் கிடக்கின்றன என்றால், அவற்றின் மேலிருந்த மலை முழுவதும் அரிப்புண்டு போயிற்று என்பதே பொருள்.

அரிப்புண்டு போன அந்த மலையின் செய்தி, மலையே இல்லாத மன்னாரிலும் கிடைக்கிறது. மன்னார்த் தீவில் தொல்பாறை எங்கும் வெளித்தெரிவதில்லை. மணலுக்குக் கீழே மயோசீன் காலத்துக் கடற்சுண்ணக்கல்லும், அதற்கும் கீழே மேலும் பழைய படிவுகளும் அதை மூடியிருக்கின்றன. ஆயினும் தலைமன்னார் முதலிய கரைகளின் மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சிர்கோன், கார்னெட் ஆகிய கனமான மணிகள் கலந்துள்ளன. கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டும் அருவி ஆறு போன்ற ஆறுகள் உள்நாட்டுப் பாறைகளை அரித்துக் கடலில் சேர்ப்பதும், நீரோட்டமும் அலையும் அம்மணிகளைப் பிரித்துக் கரையில் குவிப்பதும் இவ்வகைப் படிவுகள் உருவாகும் வழியாகும். அவற்றுள் சிர்கோன் தன்னுள் கொண்டுள்ள யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகச் சிதைவதால், பாறை மணலான பின்னரும் தான் பிறந்த காலத்தைக் காட்டவல்லது.

இப்பாறைகளைப் படிக்கும் பணி இலங்கையில் தலைமுறை தலைமுறையாக நடந்துள்ளது. 1903இல் தொடங்கிய கனிம அளவைக்கு முதல் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி சில ஆண்டுகளில் கலை வரலாற்றின் பக்கம் திரும்பினார், பின்வந்தோருள் பி. ஜி. கூரே இத்துறையிலேயே நிலைத்தார். 1967இல் வெளிவந்த அவருடைய இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல், நடுவே மலைநாட்டுத் தொடர், அதன் இரு மருங்கிலும் விசயன் தொடர் என்று அக்காலத்தில் வழங்கிய பகுப்பை மாணவர்க்கு எடுத்துரைத்தது. 1984இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே சமதானி ஆய்வு, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுடைய அணுக்களை அளந்து காலம் கணிக்கும் முறை, நிலைமையை மாற்றியது. மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் 2000 முதல் 3000 மில்லியன் ஆண்டுப் பழைமையுடையது என்றும், இருமருங்கிலும் உள்ளவற்றின் மூலப்பொருள் அதைவிட இளையது என்றும் தெரியவந்தபோது, பாறையின் தோற்றத்தை வைத்து வரைந்த எல்லைகள் பொருந்தவில்லை. 1991இல் புதிய பகுப்பு ஒரு கட்டுரையில் வெளியாயிற்று. மன்னாருக்குக் கிழக்கே விரியும் அந்த மேற்கு மருங்கு விசயனிலிருந்து பிரிக்கப்பட்டு வன்னித் தொகுதி எனப் பெயர் பெற்றது. அக்கட்டுரையை அல்பிரட் குரோனர், பி. டபிள்யூ. விதானகே ஆகியோருடன் சேர்ந்து எழுதியவர் கூரேயே. 1994இல் இப்பாறைகள் பற்றிய கருத்துகள் மாறிவந்த வரலாற்றையும் அவரே எழுதினார்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கான விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது. பழைய வரைபடம் இல்லாதிருந்தால், எந்த இடத்துப் பாறையை எடுத்து அளப்பது என்பதே புதியவர்களுக்குத் தெரிந்திராது. ஆகவே திருத்தப்படும் அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்ட முடிவு தன் கடமையைச் செய்து முடித்தது. அதைவிட அரியது, எழுதியவரே திருத்துவோருடன் அமர்வது. கல்வியிலும் குடும்பத்திலும் பொதுவாழ்விலும் மனிதர் தம் முடிவைத் தம் மானமாகக் கருதிக் காக்கின்றனர். உண்மையின் பக்கம் நிற்பவருக்கோ முடிவு மாறுவதால் மானம் குறைவதில்லை.

மன்னாரின் கனிம மணலை அகழ்வதா, நன்னீரைத் தாங்கும் நிலமாக அதைக் காப்பதா என்னும் விவாதம் நடைபெறும் இக்காலத்தில், இம்மண்ணின் பிள்ளைகள் புவிச்சரிதவியலைக் கற்க முன்வர வேண்டும். கற்றபின், சான்று மாறும்போது தம் வரைபடத்தைத் தாமே திருத்தும் துணிவையும் பெற வேண்டும். அத்துணிவுடைய அறிஞர் சொல்லையே ஒரு சமூகம் நம்பிச் செயற்பட முடியும்.